வல்லாரையில் எவ்வளவு இரும்பு

எங்கள் தோட்டத்தில் வல்லாரை வேண்டுமென்றால் ராக்காயியிடம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வது மஸ்கெலியா கடைகளில் கட்டுக் கட்டாக விற்கும் பாத்தி வல்லாரையை அல்ல. தேயிலை மலையில் மழைத்தண்ணீர் வடிவதற்காக வெட்டிய கான்களின் ஓரத்தில் தானாகப் படர்ந்து கிடக்கும் சிறிய இலை வல்லாரையை. எந்தக் கானின் பக்கம் களைக்கு மருந்து தெளித்தார்கள், எந்தக் கானை விட்டுவைத்தார்கள் என்பதையெல்லாம் ராக்காயி பார்த்து மனதில் வைத்திருப்பார். வேறு யாராவது பறித்துக் கொடுத்தால் முகர்ந்து பார்த்துத் தயங்குகிறவர்கள், அவர் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் வாங்கிச் சமைப்பார்கள்.

வாய்ப்புண் என்று போனால் மணத்தக்காளி கொண்டு வந்து தருவார். சளிக்குக் கற்பூரவள்ளி. பிள்ளைகளுக்குப் பூச்சித் தொல்லை என்றால் இன்னொரு கசப்பான செடி. அதற்கு அவர் சொல்லும் பெயரை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இதற்கெல்லாம் அவர் காசு வாங்குவதில்லை. யாராவது சர்க்கரை கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

நான் தோட்டத்து அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவன். ராக்காயி பேர் பதிந்து வேலைக்கு வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். கணவர் செல்லமுத்து மாரடைப்பில் போனபோது மகள் நிஷாந்தி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அந்த ஒரு பிள்ளையைத் தனியாளாக வளர்த்தார். நிஷாந்தி கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு, த்ரீவீல் ஓட்டும் விஜிதரனைக் கட்டிக்கொண்டு திரும்பவும் தோட்டத்துக்கே வந்தாள். மூவரும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே வீட்டில் இருக்கிறார்கள். முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிற்று. சென்ற வருடம் அவள் மறுபடி உண்டானபோது ராக்காயி அதை யாரிடமும் சொல்லவில்லை. வயிறு தெரிந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

நிஷாந்திக்கு இரத்தம் குறைவு. கிளினிக்கில் பார்த்தபோது ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. பதினொன்றாவது இருக்க வேண்டும் என்று மருத்துவமாது ஐவி சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். எங்கள் தோட்டப் பிரிவின் பிரசவங்கள் எல்லாவற்றையும் கண்காணிப்பவர் ஐவி. அவருடைய தகப்பனாரும் தோட்டத் தொழிலாளிதான். மாத்திரையோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்பதை அவர் கதவைத் தட்டித் தட்டிச் சொல்வார். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஏறவிடாது என்பது எங்கள் பக்கத்தில் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, தேத்தண்ணி இல்லாமல் இங்கே யாருக்கும் பொழுது விடியாது. ஆனாலும் ராக்காயி மகளுக்காக வீட்டில் சாயம் போடுவதையே நிறுத்தினார். விஜிதரன் கடையில் போய்க் குடித்தார்.

தொல்லை மாத்திரையில்தான் இருந்தது.

"அத முழுங்கினா ஆணிய நக்கின மாதிரி இருக்கும்மா. கொடலே வெளிய வந்துரும் போல."

"ஆணிய எப்ப நக்கிப் பாத்த நீ?" என்று விஜிதரன் கேட்பார்.

"ஒங்களக் கட்டினதே அந்தக் கணக்குத்தான்" என்பாள் நிஷாந்தி.

இந்தச் சமயத்தில்தான் ஜீவராஜ் வந்தார். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் கற்பிக்கிறவர். மலையக மக்கள் காட்டிலிருந்து பறித்துச் சாப்பிடும் மருந்துச் செடிகளில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதித்துக் கொண்டிருந்தார். புரதம், நார், சுண்ணாம்பு, இரும்பு என்று ஒவ்வொன்றையும் அளந்து அட்டவணை போடுவது அவருடைய வேலை. ஐவிதான் ராக்காயியின் பேரைச் சொல்லி அனுப்பியிருந்தார். படித்தவர்கள் வருகிறார்கள், நீங்களும் கூட இருங்கள் என்று ராக்காயி என்னை அழைத்தார்.

ஜீவராஜ் மரியாதையாகப் பேசினார். எந்த இடத்துச் செடி, எந்தக் காலத்தில் அதிகம், எப்படிச் சமைப்பார்கள் என்றெல்லாம் கேட்டார். பிறகு, "நல்ல எடமாப் பாத்துப் பறிச்சு, கழுவி, நெழல்ல காயவெச்சு, காகிதப் பையில போட்டுக் குடுங்கம்மா. ஐவி மிஸ்கிட்ட குடுத்தாப் போதும், எங்க ஆள் வந்து எடுத்துக்குவாரு. நாங்க எடை போட்டு, அரைச்சு, மெஷின்ல வெச்சுப் பாப்போம்" என்றார்.

"எல்லாத்தையும் எடை போடுவீங்களா தம்பி?"

"கண்டிப்பா. எடையிலதான் எல்லாக் கணக்கும் இருக்கு."

"அப்ப நல்லதாவே தர்றேன்" என்றார் ராக்காயி.

அந்த வாரம் முழுவதும் அவர் கான் கானாக நடந்தார். காய்ந்த இலைகளைக் காகிதப் பைகளில் போட்டு, நூலால் கட்டி, ஐவியிடம் கொடுத்தார். சொன்னபடியே செய்திருக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

சில வாரங்கள் கழித்து ஜீவராஜ் அட்டவணையைப் படம்பிடித்து விஜிதரனின் போனுக்கு அனுப்பினார். கூடவே குரல் செய்தி ஒன்றும் வந்தது. இது முதல் முடிவுதான், இன்னொரு தடவை செய்து பார்க்க வேண்டும், சும்மா உங்கள் பார்வைக்கு என்று அதில் சொல்லியிருந்தார். இதை நான் பிற்பாடுதான் கேட்டேன். விஜிதரன் அதில் பாதியைத்தான் கேட்டிருந்தார். படத்தைப் பார்த்த பிறகு மீதியைக் கேட்க அவருக்குப் பொறுமை இருக்கவில்லை.

மாமியாரும் மருமகனும் அன்றைக்கே என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அட்டவணை ஆங்கிலத்தில் இருந்தது. வல்லாரை என்ற வரியில் இரும்பு நூற்று நாற்பத்திரண்டு மில்லிகிராம் என்று போட்டிருந்தது. மணத்தக்காளிக்கு எதிரே இருபதுக்கும் குறைவு.

"மாத்திரையில எவ்வளவுங்க ஐயா?" என்று விஜிதரன் கேட்டார். பெட்டியைக் கையோடு கொண்டு வந்திருந்தார். பார்த்தேன். அறுபது.

"அறுபதுதானா! அத்த, ஒங்க கீரை மாத்திரைய விட ரெண்டு மடங்கு!"

ராக்காயி போனை வாங்கி அந்த எண்ணைப் பார்த்தார். அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "எனக்குத் தெரியும்" என்றார். "படிச்சவங்க மெஷின் இப்பத்தான் சொல்லுது."

எனக்கு அந்த எண்ணில் ஒரு சந்தேகம் இருந்தது. அது நூறு கிராம் காய்ந்த தூளுக்கான கணக்கு, பச்சைக் கீரைக்கு அல்ல என்று அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அதை எடுத்துச் சொன்னேன். தேயிலைத் தோட்டத்தில் இதை விளக்கப் பாடுபட வேண்டியதில்லை. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போனால்தான் ஒரு கிலோ தேயிலை வரும் என்பது யாருக்கும் தெரிந்ததே. வல்லாரையில் தண்ணீர் அதைவிட அதிகம். நூறு கிராம் தூள் தேற வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு கிலோ பச்சைக் கீரை வேண்டும்.

"ஒரு கிலோதானே? கொண்டாந்துட்டாப் போச்சு" என்றார் ராக்காயி.

"ஒரு ஆள் எப்பிடி ஒரு கிலோ கீரை திங்கிறது?"

"மூணு வேளைக்குப் பிரிச்சுக் குடுப்பேன்."

மாத்திரையை நிறுத்துவதானால் ஐவியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றேன். கேட்கிறேன் என்றார். கேட்கவில்லை.

அன்றிலிருந்து நிஷாந்தி வல்லாரையால் வளர்ந்தாள். காலையில் வல்லாரைக் கஞ்சி. மதியம் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்ட வல்லாரைச் சம்பல். இரவில் வதக்கிய வல்லாரைச் சுண்டல். நடுவில் சாறு. லயத்தில் மற்றவர்கள் கேட்டுவந்தால், "இப்ப என் மகளுக்கே பத்தல" என்று ராக்காயி திருப்பி அனுப்பினார். அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. நிஷாந்தியும் ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டாள். மாத்திரை இல்லை, குமட்டல் இல்லை. முகம் தெளிந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அடுத்த கிளினிக்கில் இரத்தம் பார்த்தபோது எட்டுக்கு வந்திருந்தது.

அங்கே நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ராக்காயியும் ஐவியும் தனித்தனியே சொன்னார்கள்; இருவர் சொன்னதும் பெரும்பாலும் ஒன்றுதான்.

"மாத்திரை போடுறியா நிஷாந்தி?" என்று ஐவி கேட்டிருக்கிறார். நிஷாந்தி அம்மாவைப் பார்த்தாள்.

"என்னைப் பாத்துச் சொல்லு. போடுறியா இல்லையா?"

"இல்ல மிஸ்."

"யாரு நிப்பாட்டச் சொன்னா?"

"நான்தான் மிஸ்" என்றார் ராக்காயி. "கீரையில ரெட்டிப்பா இருக்குன்னு கெம்பஸ்ல எழுதியே குடுத்திருக்காங்க."

"ரெட்டிப்பா இருந்தா ஏன் எறங்குச்சு?"

"அதத்தான் மிஸ் நானும் ஒங்ககிட்ட கேக்கிறேன்."

ஐவி தலையில் கையை வைத்துக்கொண்டாராம். கீரை சாப்பிடுவது நல்லதுதான், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, மாத்திரையை விட்டதுதான் பிழை என்று அவர் சொல்லச் சொல்ல, ராக்காயி அந்த ஒரே கேள்வியில் நின்றிருக்கிறார். இருக்கிறது என்று எழுதியிருக்கிறது; வயிற்றுக்குள் போயிருக்கிறது; இரத்தத்தில் இல்லை. அப்படியானால் நடுவில் எங்கே போயிற்று?

வீட்டுக்கு வந்த பிறகு அவர் எல்லோரையும் சந்தேகப்பட்டார். முதலில் மருமகனை.

"மாப்புள, உண்மையச் சொல்லுங்க. கடைக்குக் கூட்டிட்டுப் போயி பிளேன்டீ வாங்கிக் குடுத்தீங்களா?"

"த்ரீவீல் மேல சத்தியமா இல்ல அத்த."

"அது லீசிங்ல எடுத்தது. அதுமேல பொய்ச் சத்தியம் பண்ணா கடன் குடுத்த கம்பனிக்காரனுக்குத்தான் நட்டம்."

பக்கத்து வீட்டு வேலாயி கண்ணேறு என்றார். மருந்துச் செடியை மெஷினில் வைத்து அளந்ததால் அதன் குணம் போய்விட்டது என்று இன்னொருவர் சொன்னார். அதையெல்லாம் ராக்காயி தாங்கிக்கொண்டார். ஆனால், "அந்தக் கான்ல மருந்து அடிச்சிருப்பாங்க, இவங்க பாத்திருக்க மாட்டாங்க" என்று யாரோ சொன்னது அவரை உலுக்கிவிட்டது. மறுநாள் மழையில் தான் பறித்த கான்கள் முழுவதையும் ஏறி இறங்கிப் பார்த்தார். எங்கேயும் புல் கருகியிருக்கவில்லை. அதில் நிம்மதி அடைவதற்குப் பதிலாக அவருக்கு இன்னும் குழப்பம்தான் கூடியது. மருந்து அடித்திருந்தாலாவது காரணம் கிடைத்திருக்கும்.

அன்று மாலை நிஷாந்தி வெடித்துவிட்டாள். அம்மா கஞ்சிக் கோப்பையை நீட்டியபோது வாங்கவில்லை.

"அந்தக் கீரைய இனிமே என் கண்ணுல காட்டாதீங்க."

"கோவப்படாதடி. கொஞ்சம்."

"மொதப் புள்ள போனது பத்தாதா? இதையும் கீரையக் குடுத்துக் கலைக்கப் பாக்கிறீங்களா?"

அவள் கோபத்தில் சொன்னது அது. ராக்காயிக்கு அப்படிக் கேட்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் என் புள்ளைக்கு என்னத்தங்க ஐயா குடுத்தேன்?" என்று கேட்டார்.

விஜிதரன் என் போனுக்கும் அனுப்பியிருந்த அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஜீவராஜைப் போனில் அழைத்தேன்.

நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை. பிறகு, "ஐயா, மாத்திரைய உடனே தொடங்கச் சொல்லுங்க. மத்தத அப்புறம் பேசலாம்" என்றார். "நானே வரலாம்னுதான் இருந்தேன். அந்த வல்லாரைப் பையில எனக்கும் ஒன்னு இடிக்குது. எலையை எரிச்சா மிஞ்சிற சாம்பல் ரொம்ப அதிகமா இருக்கு. கீரைக்கு அவ்வளவு வராது. தொட்டாக் கரகரங்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஐவியும் வந்திருந்தார். ராக்காயி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தன்னிடம் ஏதோ குற்றம் கண்டுபிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார் என்பது எனக்குத் தெரிந்தது. ஜீவராஜ் அதைப் புரிந்துகொண்டு மெதுவாகவே பேசினார்.

"அம்மா, அன்னைக்கு எப்பிடிப் பறிச்சு, எப்பிடிக் காய வெச்சீங்களோ, அதே மாதிரி ஒருக்கா செஞ்சு காட்டுறீங்களா? நான் சும்மா பாக்கிறேன்."

நாங்கள் நால்வரும் லயத்துக்கு மேலே இருக்கும் கானுக்குப் போனோம். இரவில் மழை பெய்திருந்தது. கானின் இரண்டு பக்கமும் வெட்டிய செம்மண். வல்லாரை தரையோடு தரையாகக் கிடந்தது. ராக்காயி குனிந்து இரண்டு கைகளாலும் பறித்தார். பழுத்த இலை, பூச்சி கடித்த இலை ஒன்றுகூட வரவில்லை. ஒவ்வொரு பிடியையும் உதறி, முந்தானையில் ஒற்றி ஈரத்தை எடுத்தார். வீட்டுக்குத் திரும்பியதும் நிழலில் புடைக்கும் சுளகை வைத்து இலைகளைப் பரப்பினார்.

"அவ்வளவுதான் தம்பி. காஞ்சதும் பையில போட்டேன்."

"கழுவுறது எப்பம்மா?"

"சமையலுக்குன்னா மூணு தண்ணி ஊத்திக் கழுவுவேன். இது எடைக்குப் போறதுல்ல?"

"எடைக்குப் போனா?"

ராக்காயி அவரை விநோதமாகப் பார்த்தார். தோட்டத்தில் பிறந்த பிள்ளை இப்படியும் கேட்குமா என்பதுபோல.

"நனைஞ்ச எலைய எடைக்குக் கொண்டு போவாங்களா தம்பி? தண்ணிக்குக் கழிச்சுருவாங்கல்ல?"

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மழை நாளில் எடுத்த கொழுந்தில் தண்ணீர் நிற்கும். தராசில் வைக்கும்போது அந்தத் தண்ணீருக்கென்று சில கிலோக்களைக் குறைத்துத்தான் எழுதுவார்கள். எவ்வளவு குறைப்பது என்பதில் தினமும் சண்டை. அதனால் எங்கள் பெண்கள் இலையை உதறுவார்கள், ஒற்றுவார்கள், கொழுந்துப் பையை மரத்தடியில் வைப்பார்கள். தராசுக்குப் போகும் இலையில் தாமாகத் தண்ணீர் ஊற்றுவது என்பது அவர்களுடைய கை செய்யாத காரியம். ஜீவராஜ் கழுவச் சொன்னது ராக்காயியின் காதில் விழுந்துதான் இருந்தது. எடை என்று சொன்னதும் அது மனதிலிருந்து உதிர்ந்து போயிற்று. காய்ந்த பிறகுதானே எடை என்று நான் பின்னால் கேட்டபோது, "அது தெரியுது. ஆனா கை வரலையே" என்றார்.

ஜீவராஜ் குனிந்து சுளகில் இருந்த இலையொன்றைத் தொட்டுப் பார்த்தார். "எங்க அம்மாவும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார். பிறகு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் வாங்கி, சுளகிலிருந்து ஒரு பிடி வல்லாரையை எடுத்து அதில் அலசி, இலைகளை அகற்றினார். தண்ணீர் தெளிந்தபோது தட்டின் அடியில் செம்மண் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது.

"இந்தச் செவப்பே இரும்புதாம்மா. மழை மண்ணை எலைமேல தெளிச்சு விட்டிருக்கு. மெஷினுக்கு எலை எது, மண்ணு எது தெரியாது. ரெண்டையும் சேத்து எண்ணிருச்சு. நீங்க வீட்டுல நல்லாக் கழுவித்தான் சமைச்சீங்க. அதனால அட்டவணையில இருந்த இரும்பு மகளுக்குப் போகவே இல்ல."

ராக்காயி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கழுவி ஊத்தினதுலதான் சத்து இருந்துச்சா?"

"இல்லம்மா. மண்ணுல இருக்கிறது ஒடம்புல ஏறாது."

"மண்ணுல இருக்கு, ஏறாது. சரி. அதே மண்ணுலதான் கீரை வேர விட்டு நிக்குது. அதுக்கு மட்டும் ஏன் ஏறல?"

"கீரை தனக்கு வேணும்கிறத மட்டுந்தான் எடுக்கும். கொஞ்சம் எடுத்திருக்கு. அந்தக் கொஞ்சத்துலயும் நம்ம ஒடம்பு கொஞ்சந்தான் எடுக்கும்."

"மாத்திரையும் இரும்புதானே? அது எப்பிடி ஏறுது?"

ஜீவராஜ் அதற்கும் விளக்கம் சொன்னார். ஒரு பொருளில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு, அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பது வேறு கணக்கு என்றார். தெளிவாகத்தான் சொன்னார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இரவில் படுத்து ராக்காயியின் கேள்விகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கும் எங்கோ ஓரிடத்தில் இழை அறுந்தது.

அன்று ஜீவராஜ் சொல்லி முடித்ததும், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நிஷாந்தி, "மண்ணு ஏறாதா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஐவி சட்டென்று திரும்பினார். "ஏன் கேக்கிற?"

அவள் உள்ளே அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டின் பின்சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், மண் பெயர்ந்து ஒரு குழி இருந்தது. எலி பறித்தது என்று விஜிதரன் இரண்டு தடவை பூசியிருந்தார்.

"எலி நீதானா!" என்றார் விஜிதரன்.

"மழை பெஞ்சா வாசம் வருது. நாக்கு ஊறுது. நான் என்ன செய்ய?"

இரத்தம் குறைந்தால் சிலருக்கு அப்படி மண் ஆசை வரும் என்று ஐவி சொன்னார். தின்றால் பூச்சி வரும், உள்ள இரும்பையும் அது பிடித்துக்கொள்ளும், இன்னும் குறையும் என்றும் சொன்னார். ராக்காயி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "குறைஞ்சதால தின்னாளா, தின்னதால குறைஞ்சதா மிஸ்?"

"ரெண்டும்தான் ராக்காயி."

"ரெண்டும்னு சொல்லாதீங்க மிஸ். ஒன்னச் சொல்லுங்க."

ஐவி மாத்திரைப் பெட்டியை எடுத்து நிஷாந்தியின் கையில் வைத்தார்.

அப்போது நிஷாந்திக்கு ஆறாம் மாதம் முடிந்திருந்தது. மாத்திரையை மறுபடி தொடங்கினாள், மறுபடி வாந்தி. நாள் போகப் போக மாத்திரையை மட்டும் நம்ப முடியாது, ஊசி வழியாக இரும்பு ஏற்ற வேண்டும் என்று டொக்டர் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ராக்காயி கூடப் போனார். நானும் வேறு வேலையாக ஹட்டனுக்குப் போயிருந்ததால் அன்று அங்கே எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே தொங்கிய போத்தலில் கடும் பழுப்பு நிறத்தில் மருந்து இருந்தது. ராக்காயி என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து காதோடு கேட்டார்.

"கிளாக்கரய்யா, அசல் தேத்தண்ணி நெறம். சாயமே ஆகாதுன்னு சொல்லிட்டு நரம்புலயே ஏத்துறாங்களே, அது சரியா?"

அது இரும்புதான், தேயிலை அல்ல என்றேன். தலையாட்டினார். ஆனாலும் போத்தல் முடியும்வரை அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு தடவை ஏற்றினார்கள். ஜீவராஜ் கழுவிய வல்லாரையின் கணக்கை அனுப்பினார். காய்ந்த தூளில் பதினைந்துக்குக் கிட்ட. பச்சைக் கீரை நூறு கிராமில் பார்த்தால் ஒன்றரை. கீரை என்ற அளவில் அது மோசமில்லை, எலுமிச்சை பிழிந்து, கொஞ்சம் கருவாட்டோடு சாப்பிட்டால் நல்லது என்று எழுதியிருந்தார். விஜிதரன் அதைப் படித்துக் காட்டியபோது, "நூத்தி நாப்பத்திரண்டுல இருந்து ஒன்றரைக்கு வந்துட்டேன்" என்று மட்டும் ராக்காயி சொன்னார். கீரையைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா தெரியவில்லை.

அதன்பின் அவர் மகளுக்கு எதையும் தானாகக் கொடுக்கவில்லை. சோறு கொடுப்பதற்குக்கூட, "குடுக்கலாமா?" என்று ஐவியிடம் கேட்டார். ஐவி எரிச்சலோடு, "சோத்துக்குமா ராக்காயி?" என்றார். மற்ற வீட்டுக்காரர்கள் வல்லாரை கேட்டு வந்தால், கான் இருக்கும் பக்கத்தைக் கையால் காட்டி, நீங்களே பறித்துக்கொள்ளுங்கள் என்றார்.

பிரசவத்துக்கு முன் கடைசியாகப் பார்த்தபோது இரத்தம் பத்தரை இருந்தது. எதனால் ஏறியது என்று ராக்காயி கேட்டார். டொக்டர் ஊசி என்றார். ஐவி ஊசியோடு மாத்திரையையும் சொன்னார். விஜிதரன் தான் இரகசியமாக வாங்கிக் கொடுத்த ஈரலைச் சொன்னார். சுவர் மண்ணை விட்டதால் என்றார் வேலாயி. ஒவ்வொருவர் சொன்னதையும் ராக்காயி கேட்டுக்கொண்டார். ஒருவரையும் மறுக்கவில்லை, ஒருவரையும் நம்பினதாகவும் தெரியவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். இரத்தப்போக்கு அதிகமாகவில்லை, ஐவி அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் நானும் வேலாயியும் விஜிதரனின் த்ரீவீலில் போனோம். ராக்காயி எங்களுக்கு முன்பே போய்விட்டார். சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் கட்டிலின் கால்மாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வழியாகப் போன தாதியை நிறுத்தி, சிங்களத்தில், கீரை கொடுக்கலாமா என்று கேட்டார். தாதி சிரித்துவிட்டு, கொடுங்கள், நல்லதுதானே என்று சொல்லிப் போனாள். ராக்காயி அப்போதும் பெட்டியைத் திறக்கவில்லை. அடுத்த கட்டிலைப் பார்க்க வந்த டொக்டரிடமும் கேட்டார். அவரும் அதையே சொன்னார். ராக்காயி என்னைப் பார்த்தார். மூடியின்மேல் அவருடைய கை அப்படியே இருந்தது.

"என்னம்மா, சோறு கொண்டாந்தீங்களா, பெட்டி மட்டுமா?" என்று நிஷாந்தி கேட்டாள். குழந்தை அவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

"சோறு. கருவாடு. வல்லாரைச் சுண்டல் கொஞ்சம். வேணாம்னா அத எடுத்துடறேன்."

"கழுவினீங்களா?"

"அஞ்சு தண்ணி."

"அப்ப குடுங்க. நேத்துல இருந்து வெறும் பாண் துண்டுதான். பசி காதை அடைக்குது."

ராக்காயி மூடியைத் திறந்தார். மகள் கீரையையும் சோற்றையும் பிசைந்து வேகமாகச் சாப்பிடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் மகளின் முகத்தில் எதையோ தேடினார். பெட்டி காலியானதும், "ஒன்னும் செய்யலையே?" என்று கேட்டார்.

"வயிறு நெறஞ்சிருச்சு" என்றாள் நிஷாந்தி.